பதினொரு நாள்

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் காற்று கோவில் கதவுகளைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் பிடித்துவிட்டால் ஓலைத்தொடுவாயில் சோற்றுக்குள்ளும் மணல், தலைமயிருக்குள்ளும் மணல், பாட்டுப் புத்தகத்துக்குள்ளும் மணல். சுவாமி கடதாசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"அரிப்பைச் சேர்ந்த காலஞ்சென்ற சிங்கராசா, காலஞ்சென்ற மார்த்தா ஆகியோரின் மகன் றொட்னியும், இவ்வூரைச் சேர்ந்த காலஞ்சென்ற கபிரியேல், அன்ரோனெற் ஆகியோரின் மகள் பிறின்சியும் திருமணம் செய்ய விரும்புகிறார்கள். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

மூன்று ஞாயிறு, மூன்று தரம் இப்படி வாசித்தால்தான் கோவிலில் கலியாணம். தடை அறிந்தவர்கள் என்று சுவாமி சொல்லும்போது சனம் இருமும், பிள்ளைகளை அதட்டும், வீட்டில் காய்ச்சவேண்டிய கறியை நினைக்கும். பிறின்சிக்கு இருபத்தொன்பது வயது. அத்தனை வருடத்தில் கேட்ட ஓலைகளில் ஒன்றுக்குக்கூட யாரும் வாய் திறந்து அவள் கண்டதில்லை.

அன்றைக்குக் கடைசி வாங்கிலில் சந்தனம் இருந்தாள். இருபத்தெட்டு வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் கிடந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் ஊர் திரும்பி, தங்கை வீட்டில் ஒரு அறையில் இருந்தவள். நல்ல மனுசி. யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. பூசை முடிந்ததும் முற்றத்தில் கழுதைகளை விலக்கிக்கொண்டு நேரே பிறின்சியின் தாய் அன்ரோனெற்றிடம் வந்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அரிப்புச் சிங்கராசாண்ணைக்கு ஏது மகன்?"

"ஏன் சந்தனம், மாப்பிள்ளைதான். அந்தா சைக்கிளோட நிக்கிறான்."

"மண்டபத்தில எங்கட கொட்டிலும் அவையின்ர கொட்டிலும் ஒரே சுவர். மார்த்தாக்கா செத்தவுடன கண்ணை மூடிவிட்டது நான். அவைக்கு ஒரேயொரு பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை."

"வேற சிங்கராசாவா இருக்கும்."

"அரிப்பில சிங்கராசா எண்டு எத்தினை பேர், மார்த்தா எண்டு பெண்சாதியோட?"

அன்ரோனெற் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியுமுன்னரே சந்தனம் படலையடிக்குப் போய்விட்டாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற றொட்னியை அண்ணாந்து பார்த்தாள். அவனுடைய இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது.

"கொட்டில் தகரம் வெட்டினது. நான்தானே கோப்பித்தூள் வச்சுக் கட்டினனான்," என்றாள். பிறகு ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பேரைப் பிறின்சி ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் அது வேண்டாம். ஆனால் அந்தப் பேருக்கு அவன் தலை நிமிர்ந்துவிட்டது. பெற்றவர்கள் கூப்பிட்ட பேர். நிமிராமல் என்ன செய்யும்?

சந்தனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "எவ்வளவு வளந்திட்டாய் பிள்ளை," என்று அவன் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் சுற்றிவர நின்ற சனத்தின் முகங்களைக் கண்டாள். கண்டு, பிடித்த கையை விட்டாள்.

இதைத் தவிர்த்திருக்கலாம். முதல் ஓலைக்குப் பேர் எழுதிக் கொடுக்கும்போதே பிறின்சி சொன்னாள், "தாய் தேப்பன்ர பேரை வேற ஏதும் குடுங்கோவன். முகாமிலயிருந்து வந்தாக்களிட்ட ஆர் வந்து விசாரிக்கப்போகினம்?" ஞானஸ்நானக் கடிதம் இந்தியாவிலிருந்து வரவேண்டும் என்ற பேச்சை நம்பிச் சுவாமி பாவம் பார்த்திருந்தார். அதற்கிடையில் அவனை ஆண் என்று ஏற்கும் ஆஸ்பத்திரி டொக்டரின் காகிதம் வந்துவிட்டால், அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழை மாற்றிவிடலாம் என்பது இருவருடைய கணக்கு. றொட்னி பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான்.

"என்ர பேரை மாத்தினன். பெத்ததுகள் ரெண்டையும் பீடத்துக்கு முன்னால மாத்தச் சொல்லாதை, பிறின்சி. அதுகளுக்கு ஒரு கல்லறைகூட இஞ்ச இல்லை."

பிறகு ஊரே பொய்க்காரன் என்று ஏசிய ஆள், சொன்ன ஒரு உண்மையால் பிடிபட்டான்.

அன்று மத்தியானத்துக்குள் ஊர் இரண்டுபட்டது என்று சொல்லமுடியாது. ஒன்றுபட்டது. றொட்னி மூன்று வருடமாகத் தொழிலுக்குப் போன படகு நீக்கிலாசுடையது. நீக்கிலாஸ் படகைக் கரையில் ஏற்றி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கோவிலில் இருந்து தீர்த்தம் வாங்கித் தெளித்தான்.

"மூண்டு வருஷமா என்ர படகில பொம்பிளை ஏறியிருக்கு! அதுதான் போன வருஷம் வலையெல்லாம் அறுந்தது. நானும் எஞ்சினைப் பேசிக்கொண்டு திரிஞ்சன்."

அதே மூன்று வருடத்தில்தான் நீக்கிலாஸ் கல்வீடு கட்டினான். றொட்னி ஏறினால் நண்டு தானாக வந்து வலையில் விழும் என்று கள்ளுக் கொட்டிலில் பெருமை பேசியவனும் அவன்தான். அதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பிறின்சியின் அண்ணன் ஜோன்சன் றொட்னியை அவன் தங்கியிருந்த வாடியிலிருந்து இழுத்துவந்தான். அடித்தவர்களில் ஜோன்சனும் ஒருவன். அடி கொலையில் முடியாமல் இடையில் விழுந்து தடுத்தவனும் ஜோன்சன்தான். ஆட்டோவில் ஏற்றிப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்து, முகம் கழுவாமலே பிறின்சியின் முன்னால் நின்றான்.

"வெளிக்கிடு. முறைப்பாடு குடுக்கவேணும்."

"நான் என்ன முறைப்பாடு குடுக்கிறது, அண்ணா?"

"நடந்ததைச் சொல்லு. உள்ளதைச் சொல்லு. காணும்."

உள்ளதைச் சொல் என்றதால்தான் அவள் போனாள்.

பொலிஸ் நிலையத்தில் அவளுக்கு ஒரு கதிரை போட்டார்கள். மேசையில் இருந்தவர் வயதான சிங்களவர், மரியாதையான ஆள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் அன்றைக்கு லீவு. ஜோன்சன் எட்டு வருடம் நீர்கொழும்பில் படகு ஓடினவன், சிங்களம் தண்ணிபோலப் பேசுவான். நானே சொல்லுறன் என்றான். அவள் சொல்லச் சொல்ல ஜோன்சன் சிங்களத்தில் சொன்னான். அவர் எழுதினார்.

பிறின்சி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனுக்கு முன்னால் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. மேசையில் இருந்த பசைப் போத்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

போன வருடம் மாரி தொடங்குமுன்னர், கரையில் இருவரும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். பழகி ஏழு மாதம். கை பிடித்ததுகூட இல்லை. அன்றைக்கு அவன் சொன்னான், "வலையைக் கீழ வை பிறின்சி. கை சும்மா இருக்கேக்க கேள்." அவள் வைத்தாள். தான் பிறக்கும்போது என்னவாகப் பிறந்தான் என்பதையும், முகாமில் என்ன பேர் என்பதையும், உயிலங்குளத்தில் உழவு மெசின் ஓட்ட வந்தபோது என்ன பேரோடு வந்தான் என்பதையும் சொன்னான். பட்டப்பகல். இருபதடிக்கு அப்பால் ஆட்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அவன் குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை.

"இப்ப ஒண்டும் சொல்லாதை. வீட்ட போ. யோசி. நீ வரேல்லையெண்டால் ஏனெண்டு நான் கேக்கமாட்டன், வாசலுக்கும் வரமாட்டன். வந்தால், நீயா வந்ததா இருக்கட்டும்."

பதினொரு நாள் அவள் போகவில்லை. முதல் மூன்று நாளும் அழுதாள். ஏழு மாதம் என்னை ஒரு விசரி ஆக்கிப்போட்டான் என்று அழுதாள். நாலாம் நாள், அவன் மடுத் திருவிழாவில் வாங்கித் தந்த கோப்பையைச் சுவரில் அடித்து உடைத்தாள். அம்மா பூனை என்று நினைத்தாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு படுத்திருக்கும்போது, அவன் உடம்பைப் பார்த்துத்தானா நான் ஆசைப்பட்டேன், அவன் வலையைக் கீழே வை என்று சொன்னானே, அந்த மாதிரி என்னோடு கதைத்தவன் வேறு யார் என்று யோசித்தாள். ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் ஒன்றும் யோசிக்கவில்லை. வேலைக்குப் போய் நண்டு பிரித்தாள், சோறு காய்ச்சினாள். பதினோராம் நாள் புட்டவித்து, நண்டுக் கறி வைத்து, பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனாள். அவன் வாடி வாசலில் இருந்து எஞ்சின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். உப்புக் கூடிப்போச்சு என்றாள். பரவாயில்லை என்றான்.

"அதுக்குப் பிறகுதான் எல்லாம்," என்று பிறின்சி பசைப் போத்தலுக்குச் சொன்னாள். "என்ர விருப்பம். தெரிஞ்சுதான்."

ஜோன்சன் பெரியவர் பக்கம் திரும்பினான். பிறகு சிங்களத்தில் சொன்னான். அவள் நீளமாகச் சொன்னதை அவன் கட்டையாகச் சொன்னதுபோல அவளுக்குப் பட்டது. சிங்களம் கட்டையான பாஷை போல என்று நினைத்துக்கொண்டாள். பெரியவர் கடதாசியைத் திருப்பிவைத்தார்.

"நீ சொன்னதுதான் எழுதியிருக்கு. கையெழுத்து வை," என்றான் அண்ணன்.

ஆறு இடத்தில் வைத்தாள்.

மூன்றாம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சட்ட வைத்தியர் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கதைத்தார். "உங்களைப் பரிசோதிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. ஆனா நீங்கள் சம்மதிச்சால்தான் நான் தொடுவன். விருப்பமில்லையெண்டால் இஞ்ச கையெழுத்து வைக்கத் தேவையில்லை, எழும்பிப் போகலாம். உங்களுக்குச் சம்மதமோ?"

பிறின்சிக்கு அந்தக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அந்தக் கிழமையில் யாராவது அவளுடைய விருப்பத்தைக் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லை டொக்டர்."

"சரி. போங்கோ."

அவ்வளவுதான். வெளியே வாங்கிலில் இருந்த ஜோன்சன், "என்ன கெதியா முடிஞ்சுது?" என்றான்.

அவள் வேலைக்குப் போகாமல் இருக்கமுடியாது. ஸப்ராஸ் முதலாளியின் நண்டுக் கொட்டிலில் காலை ஆறு மணிக்கு நண்டு வந்து குவியும். பெண்கள் சுற்றிவர இருந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். வயிற்று மூடி விரல்போல ஒடுங்கியிருந்தால் ஆண், ஒரு பெட்டி. அகன்று வட்டமாக இருந்தால் பெண், மற்றப் பெட்டி. மஞ்சளாகச் சினை தொங்கினால் கடலுக்குத் திரும்ப விடவேண்டும். பிறின்சியின் கை கண்ணைவிட வேகம். ஒரு மணித்தியாலத்தில் நாலு பெட்டி நிரப்புவாள்.

அன்றைக்கு அவள் போய் இருந்ததும் கொட்டில் அமைதியானது. கொஞ்ச நேரம் நண்டுகள் பெட்டியைப் பிறாண்டுகிற சத்தம் மட்டும். பிறகு சோபனா தொடங்கினாள். சோபனாவுக்கு வாய் அரிக்காமல் அரை மணித்தியாலம் இருக்கமுடியாது.

"எனக்கு ஒரு சந்தேகமடி. நண்டைக் கையில எடுத்தவுடன ஆணோ பெண்ணோ எண்டு சொல்லுறவள், மாப்பிள்ளையைக் கவிட்டுப் பாக்க மறந்திட்டாளோ?"

சிரிப்பு கூரைத் தகரம்வரை போனது. ஒரு கிழவி சிரித்துச் சிரித்து இருமினாள்.

"சினை இருந்தால் கடலில விட்டிருப்பாளெல்லோ," என்றாள் இன்னொருத்தி.

பிறின்சி கையில் இருந்த நண்டைப் பெட்டியில் போட்டாள். "மறக்கேல்லை," என்றாள்.

"என்னது?"

"மறக்கேல்லை எண்டனான்."

சிரிப்பு நின்றது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. அன்று பின்னேரம் சோபனா அன்ரோனெற்றிடம் போய், பிள்ளை என்னவோ மாதிரிக் கதைக்கிறாள், கோட்டில் போய் இப்படிச் சொல்லிப்போடுவாள், கவனம் என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அன்ரோனெற் மகளுக்குச் சோறு போட்டுவைத்துவிட்டுக் குசினி வாசலில் இருந்தாள். கருவாட்டுக் குழம்பும் முருங்கையிலை வறையும். கச்சானுக்கு விளக்கு நிற்காது என்று பல்பைப் போட்டிருந்தாள்; அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நீ ஏமாந்துபோனாய். அதுதான் நடந்தது."

"இல்லை, அம்மா."

"ஏமாந்த பிள்ளை எண்டால் சனம் வந்து அழும். தெரிஞ்சு போன பிள்ளை எண்டால் சனம் காறித் துப்பும். நான் இந்த ஊரில சாகவேணும் பிள்ளை. என்ர பெட்டியைத் தூக்க நாலு பேர் வரவேணும்."

"துப்புறவை துப்பட்டும்."

"அது லேசு. உன்ர முகத்தில துப்பினால் நீ துடைச்சுப்போடுவாய். என்ர முகத்தில துப்பினால் ஆர் துடைக்கிறது?"

பிறின்சி சோற்றைப் பிசைந்தாள். பல்லுக்குள் மணல் கடிபட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்னார் ரவுனிலிருந்து பிரேமினி வந்தாள். றொட்னிக்காக வாதாட வந்த சட்டத்தரணி. வயது பிறின்சியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஸ்கூட்டியை வேலியோடு சாத்திவிட்டு, தலைக்கவசத்துக்குள் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டு வந்தாள். ஜோன்சன் கடலுக்குப் போயிருந்த நேரம்.

"அவர் உங்களோட கதைக்கச் சொல்லேல்லை. கதைக்கவேண்டாம் எண்டுதான் சொன்னவர். நானா வந்தனான்," என்றாள். "பெண்கள் பக்கத்தில வச்சிருக்கினம். சட்டை போட விடேல்லை, கவுண் குடுத்திருக்கினம். சாப்பாடு ஒழுங்கா எடுக்கிறாரில்லை."

பிறின்சி எழுந்து உள்ளே போய், அலுமாரியிலிருந்து நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கலியாணத்துக்கு மறுநாள் போட என்று தைத்தது.

"உங்கட வாக்குமூலம் வாசிச்சனான்," என்றாள் பிரேமினி. "அதில ஒரு விஷயம் கேக்கவேணும். முதல்முதல் உங்களுக்கு எப்ப தெரியவந்தது?"

"அதுதான் சொன்னனானே. பதினொரு நாள் யோசிச்சுத்தான் போனனான் எண்டு."

பிரேமினி நிமிர்ந்தாள். "பதினொரு நாளோ?"

"ஓம். எல்லாம் சொன்னனான்."

பிரேமினி பைலைத் திறந்து, சிங்கள எழுத்தில் விரலை வைத்து மெல்ல மெல்லத் தமிழில் வாசித்தாள். "'கோவிலில் ஓலை வாசித்த அன்றைக்கே அவர் பெண் என்பது எனக்குத் தெரியவந்தது. ஆண் என்று நம்பியே நான் அவரோடு உறவு வைத்தேன். தெரிந்திருந்தால் சம்மதித்திருக்கமாட்டேன். என்னை ஏமாற்றியதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும்.' இஞ்ச உங்கட கையெழுத்து. பதினொரு நாள் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

வெளியே காற்றாடிக் கோபுரங்கள் கடல் பக்கத்தில் உம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன. பிறின்சி அந்தக் கடதாசியை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவள்போல மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வட்ட வட்டமான எழுத்துகள். கீழே தன்னுடைய பேர், கோணலாய், ஆறு இடத்தில்.

"ஆர் மொழிபெயர்த்தது?"

"அண்ணா."

பிரேமினி கடதாசியைத் திரும்ப வாங்கிப் பைலில் வைத்தாள். பிறகு சட்டத்தைச் சொன்னாள். மறைத்துச் சொல்கிற ஆளில்லை.

"நீங்கள் தெரியாது எண்டால், அவர் ஆள்மாறாட்டம் செய்து ஏமாத்தினவர். மறியலில போடுவினம். தெரியும் எண்டால், ஏமாத்தேல்லை, அந்த வழக்கு நிக்காது. ஆனா தெரிஞ்சு விரும்பியிருந்தால், ரெண்டு பொம்பிளையள் எண்டு அதுக்குச் சட்டத்தில வேற ஒரு பழைய பிரிவு இருக்கு. பொலிஸ் அதைத் தூக்கினால் வழக்கு உங்கள் ரெண்டு பேருக்கும். தூக்குவினம் எண்டு நான் சொல்லேல்லை. தூக்கமாட்டினம் எண்டும் சொல்லேலாது."

"அப்ப நான் ஏமாந்திருந்தால்தான் சட்டத்துக்கு நான் நல்லவள்."

"ஓம்."

"டொக்டரின்ர காகிதம் வந்திருந்தால்?"

"கதை வேற. அது இன்னும் கந்தோரில கிடக்கு."

பிறின்சி சட்டையை மடித்து அவளிடம் கொடுத்தாள். "ஏழு மாதம் எனக்குச் சொல்லாமல் இருந்தது பொய்தான். அந்தப் பொய்க்கு நான் கோவிச்சனான். கோவிச்சு முடிச்சும் போட்டன். கோவமும் என்ர, முடிச்சதும் என்ர. அதை வேற ஆரும் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போகேலாது. நான் வந்து சொல்லுறன், மிஸ். என்ன பிரிவெண்டாலும் போடட்டும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"யோசிச்ச நாளெல்லாம் முடிஞ்சுது."

பின்னேரம் ஜோன்சன் கடலால் வந்தான். காலில் சேற்றோடு கிணற்றடியில் நின்றவனிடம் பிறின்சி போனாள்.

"பதினொரு நாள் எங்க அண்ணா?"

அவனுக்கு உடனே விளங்கியது. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தான்.

"அதைச் சொல்லியிருந்தால் அந்த மேசையடியிலயே உன்னையும் உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள். உனக்கு அது விளங்குமோ?"

"நீ சொன்னதுதான் எழுதியிருக்கெண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினீங்கள்."

"நான் உன்னைக் காப்பாத்தினனான்."

"என்னட்டக் கேட்டுட்டுச் செய்திருக்கலாம்."

"கேட்டால் நீ ஓம் எண்டிருப்பியோ?"

"இல்லை."

"பின்னே?" அவன் கத்தினான். "அப்பா செத்த நாள் தொட்டு நான் வலிச்ச வலி உனக்குத் தெரியாது! உன்னை மறியலுக்குப் பாக்க வர என்னால ஏலாது பிறின்சி, ஏலாது!" சொல்லும்போதே அழுதுவிட்டான். உப்பு முகத்தில் கண்ணீர் வழிந்தது. பிறின்சிக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது.

"கோட்டில நான் மாத்திச் சொல்லப்போறன்," என்றாள். "உங்களைப் பற்றிக் கேட்டால், அண்ணாக்குச் சிங்களம் வடிவா விளங்கேல்லை எண்டு சொல்லுவன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

கோட்டு நாளன்று பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீற்றில் இருந்தார்கள். ஜோன்சன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அன்ரோனெற் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். பிறின்சி மனதுக்குள் வசனங்களை ஒழுங்குபடுத்தினாள். கையெழுத்து என்ர. சொன்னது என்ரயில்லை. நான் சொன்னது இது. அவளுக்குப் பயமாக இருந்தது; அதோடு, நெடுநாளாகத் தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்தவள் மேலே வரப்போவதுபோலவும் இருந்தது.

கூண்டுக்குள் றொட்னியைக் கொண்டுவந்தார்கள். நீலக் கோடு போட்ட அந்தச் சட்டை. உடம்பு வற்றிச் சட்டை பெரிதாகத் தெரிந்தது. தலைமயிர் காதுவரை வளர்ந்திருந்தது. அவன் அவளைத் தேடவில்லை, தரையையே பார்த்தான். அப்போதே ஏதோ பிழை என்று அவளுக்குப் பட்டது.

கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் குற்றப்பத்திரத்தைத் தமிழில் வாசித்தார். இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதிவரை, ஓலைத்தொடுவாயில், ஓர் ஆணென்று தன்னைக் காட்டி, இன்ன பெண்ணை ஏமாற்றி.

"நீர் இதற்குக் குற்றவாளியா, சுற்றவாளியா?"

சுற்றவாளி என்று சொல்லவேண்டும். குற்றம் செய்யவில்லை என்று பொருள். அப்படிச் சொன்னால்தான் சாட்சிகளைக் கேட்கிற விளக்கம் நடக்கும், அவளைக் கூப்பிடுவார்கள். பிரேமினி அதை அவனுக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்திருந்தாள். பிறின்சி வந்து உண்மையைச் சொல்லப்போகிறாள் என்பதையும் அன்று காலையில், நம்பிக்கை வரட்டும் என்று, சொல்லியிருந்தாள்.

"குற்றவாளி," என்றான் றொட்னி.

பிரேமினி துள்ளி எழுந்தாள். "ஐயா, என்னுடைய கட்சிக்காரரோடு பேச ஐந்து நிமிடம்..."

"விளங்கித்தான் சொல்லுறன் ஐயா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் ஏமாத்தினனான். அவ கடைசி மட்டும் என்னை ஆம்பிளை எண்டுதான் நம்பினவ."

பிறின்சி எழுந்து நின்றுவிட்டாள். "பொய் ஐயா! அவர் பொய் சொல்லுறார்!"

கோட்டே திரும்பிப் பார்த்தது. நீதவான் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கல்நெஞ்சன் இல்லை அவர், முகம் இளகியது.

"தெரியும் பிள்ளை. அதைத்தான் அவரே ஒத்துக்கொள்ளுறார். இருங்கோ." பிறகு பெண் பொலிஸைப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கோ," என்றார்.

பெண் பொலிஸ் அவள் தோளை அணைத்து வாங்கிலில் இருத்தினாள். தண்ணீர்ப் போத்தல் வந்தது. அம்மாவின் கை அவள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு வருடம் என்று நீதவான் சொன்னதும், அடுத்த வழக்கைக் கூப்பிட்டதும், யாரோ ஒருவன் மாடு களவெடுத்த கதை தொடங்கியதும் அவளுக்குத் தூரத்தில் கேட்டன. ஏமாற்றினான் என்று ஊர் சொல்கிற ஆள் அவளைப் பற்றிச் சொன்ன பெரிய பொய் அதுதான். அதைக் கோடு மறுபேச்சில்லாமல் உண்மையென்று எழுதிக்கொண்டது.

மறியல் வண்டி கோட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது. பிறின்சி அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். கம்பி வலைக்குள் அவன் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது.

"வீட்ட போ பிறின்சி. காத்தடிக்குது."

"என்னட்டக் கேட்டனீங்களோ?"

அவன் தலையைக் குனிந்தான்.

"அண்டைக்குப் பதினொரு நாள் பொறுத்தனீங்கள். இண்டைக்கு ஒரு நிமிஷம் பொறுக்கேலாமல் போச்சோ? அண்ணாவும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

"கேட்டால் நீ விடமாட்டாய்."

"ஓம், விடமாட்டன். அதுக்குத்தானே கேக்கிறது!"

அவன் வலைக் கம்பியில் விரல்களைக் கொடுத்தான். தொடுவதற்குள் காவலாளி கதவைத் தட்டினான். வண்டி இரைந்து கிளம்பியது. புழுதி அடங்கியபோது அவள் முன்னால் ஒரு கழுதை நின்று, யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை நண்டுக் கொட்டிலுக்குப் போனாள். அவள் வரக் கண்டதும் பெண்கள் தள்ளியிருந்து நிழல் பக்கத்தில் இடம் விட்டார்கள். இருமுகிற கிழவி தன் பலகையை அவளுக்குக் கொடுத்தாள். சோபனா எழுந்துபோய்ப் பிளேன்ரீ ஊற்றி, பனங்கட்டித் துண்டொன்றும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே.

"பாவி உன்னை என்ன பாடு படுத்திப்போட்டான். நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்காமல் அண்டைக்குப் பகிடி விட்டன். மனசில வச்சிருக்காதை பிள்ளை."

"சோபனாக்கா, எனக்குத் தெரியும். முதலே தெரியும். நான் ஏமாறேல்லை."

சோபனா மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் நண்டைப் பார்த்தார்கள். சோபனா அவள் தலைமயிரில் இருந்த மணலை மெல்லத் தட்டிவிட்டாள்.

"ஓமோம். தெரியும், தெரியும். ரீயைக் குடி பிள்ளை, ஆறப்போகுது."